பச்சை டிக் விழுந்தாச்சு

கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு வாய் ஓயாது என்று ஒரு காலத்தில் பேர். ஆபரேஷன் முடிந்து கிளம்புகிறவர்களிடம், குப்புறப் படுங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க என்று தொண்டை வறளச் சொல்லுவாள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பாடு விட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் போதும், டாக்டரின் அறிவுரை மொத்தமும் நோயாளியின் போனுக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் திரையில் பச்சை டிக் விழும். வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லும்மா என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். யார் கேட்டது!

அன்று மதியம் ஒரு தையல்காரர் போன் பண்ணினார். ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்ட மனுஷன். மிச்சமிருந்த கண்ணிலும் விழித்திரை கிழிந்து, போன வாரம்தான் ஆபரேஷன். கிழிசல் ஒட்டிக்கொள்வதற்காக உள்ளே வாயு அடைத்திருந்தார் டாக்டர். அது கரைவதற்குள் விமானம் ஏறினால், உயரம் போகப் போக வாயு விரிந்து பார்வையையே தின்றுவிடும்.

மகளுக்குப் பிரசவமாம். மருமகன் விமான டிக்கெட் போட்டாராம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சீட்டிலும் உட்கார வைத்துவிட்டார்களாம். சொட்டு மருந்தை மேலே போனதும் விடலாமா என்று சாவகாசமாகக் கேட்டார்.

அவள் துள்ளி எழுந்தாள்.

"ஏறக் கூடாதுன்னு மெசேஜ் அனுப்பினேனே, பார்க்கலையா?"

"வந்துச்சும்மா, டிங்குன்னு. நம்மள ஞாபகம் வச்சு அனுப்புறாங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு. எனக்கு எங்க எழுத்து தெரியுது?"

அடிப்பாவி, பார்வையில்லாதவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, டிக்கைப் பார்த்துக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாயே! தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, இறங்கிடுங்க, மேலே போனா கண்ணு போயிடும் என்று கத்தினாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்துல யார்கிட்டயாவது போனைக் கொடுங்க என்று கெஞ்சினாள்.

"ஒண்ணுமே கேக்கலம்மா, பிளேன் ஓட ஆரம்பிச்சிடுச்சு," என்றார் தையல்காரர். "எதுவா இருந்தாலும் மெசேஜ் போட்டு விடுங்க."