வெர்லின் போட்ட தோட்டா

வெர்லினைப் புதைத்துவிட்டு வந்து ஊற்றிய காபி இன்னும் ஆறவில்லை. அதற்குள் அவன் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக நிலவறைக்கு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் எதிரில் அழ வெட்கப்பட்டுத்தான் போகிறார்கள் என்று அவன் மனைவி ஆர்டிஸ் நினைத்தாள். பாவம் என்று இரக்கம்கூடப் பட்டாள். 

அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தப் பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் தோட்டாவை வீட்டிலேயே போடுகிறவர்கள். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டு செருகி, அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். மலிவு என்பார்கள், மிச்சம் பிடித்த பணத்தை அப்படியே இன்னொரு கருவியில் கொட்டுவார்கள். கடைத் தோட்டா குறி தப்பும் என்பார்கள். தப்புவது தோட்டாவா ஆளா என்பது மானுக்குத் தெரியும். வெர்லின் எந்தக் காரணமும் சொன்னதில்லை. குதிரை தள்ளி ஆர்டிஸின் காறை எலும்பு முறிந்ததிலிருந்து சுடும்போது கடைத் தோட்டா பின்னால் தள்ளும் உதையை அவள் தோள் தாங்கவில்லை. அவன் மருந்தைக் குறைத்து, மெதுவாக உதைக்கும் தோட்டாவாக அவளுக்கென்று போட்டுக் கொடுத்தான். அதனால்தான் அவள் துப்பாக்கி இன்னும் பரணுக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்னால்கூட ஒரு பெட்டி போட்டு, மூடியில் அவள் பெயரை எழுதி வைத்தான். வருகிற சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. இருவரும் போய் உட்காரும் மேட்டுக்கு இந்த முறை தனியாகப் போக வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் காலையில் அவள் சவப்பெட்டி அருகே விழாமல் நின்றாள்.

கீழேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. ஆடும் படியை யாரோ சரிசெய்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு, ஊறுகாய் ஜாடி எடுக்க இறங்கினாள்.

படி ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேர் ப்ரைமர் பெட்டிகளைக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்குத் தீ வைக்கும் அந்தச் சின்னப் பித்தளை மூடி ஊர்க் கடையில் கண்ணில் பட்டே வெகுநாளாயிற்று. வெர்லின் தோட்டா போடும் மேஜை முன்னால் லைல் உட்கார்ந்திருந்தான். காலையில் தேவாலயத்தில் வெர்லினைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தவன் இவன்தான். இப்போது தோட்டாவை உள்ளே செருகிக் கழற்றும் சுத்தியலால் கட்டையில் அடித்து, குண்டு வேறு, மருந்து வேறு, கூடு வேறாகப் பிரித்து, கூட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்கு அருகே அவள் பெயர் எழுதிய பெட்டி திறந்து கிடந்தது. மருந்தெல்லாம் வெர்லினின் காபிக் கோப்பையில்.

பெட்டியில் ஒரே ஒரு தோட்டா மிச்சமிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டாள். லைலின் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கேக்கின் சர்க்கரை இன்னும் நகத்தில் ஒட்டியிருந்தது.

"உன் நல்லதுக்குத்தான் ஆர்டிஸ். மத்தவன் போட்ட தோட்டாவ சுடக் கூடாது. அதுவும் செத்தவன் போட்டத. எவ்வளவு மருந்து போட்டானோ, யாருக்குத் தெரியும்?" என்றான் லைல்.

"கூடு எதுக்கு உன் பையில?"

சும்மா வீணாகப் போகும் என்பதற்காக எடுத்ததாக அவன் முனகினான்.

பைகளை இங்கே காலி செய்யக் கூடாது, மேலே வந்து செய்யுங்கள் என்றாள். மூவரும் அவளுக்கு முன்னால் படியேறினார்கள். பாதிரியாரும் ஊர்ப் பெண்களும் பார்த்திருக்க, எலுமிச்சை கேக்குக்கும் ஜெல்லிக்கும் நடுவில் ப்ரைமர் பெட்டிகளையும் பித்தளைக் கூடுகளையும் எடுத்து வைத்தார்கள். லைலின் பெண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லைலுக்குக் காது சிவந்துவிட்டது. "சனிக்கிழமைக்குள்ள நானே உனக்குப் புதுசா போட்டுத் தர்றேன்," என்றான்.

"இத்தன வருஷத்துல மத்தவன் போட்டத நான் சுட்டதே இல்ல, லைல். இனிமேலும் சுட மாட்டேன்."

உள்ளங்கையில் அந்த ஒற்றைத் தோட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, லைல் வீட்டிலிருந்து வந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்தாள். சாவு வீட்டுக்கு வந்த பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஆர்டிஸ் அதைக் கழுவாமல், ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியோடு அப்படியே அவன் கையில் கொடுத்தாள்.