மேனேஜர் உள்ளே வராத வீடு

தமிழ்நாட்டில் இதுவரை போடப்பட்ட வீட்டுத் தரைகளிலேயே மிகவும் வழவழப்பானது நாகல் நகர் மொக்கைச்சாமியின் வீட்டுத் தரைதான். இது அபிப்பிராயம் அல்ல, தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவரும் மொக்கைச்சாமிதான். கூடத்தில் கை நழுவிய எலுமிச்சம்பழம் அடுப்படிவரை உருண்டு போய்த்தான் நின்றது. மேலேயிருந்து விழுந்த பல்லி ஒன்று தரையில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியது. இவை அவர் வைத்திருக்கும் ஆதாரங்கள். பல்லியை யாரும் விசாரிக்கவில்லை.

ஆயுசில் பாதியை வெங்காய மண்டியில் கழித்தவர். சாக்கின் மேல் உட்கார்ந்து, சாக்கின் மேல் சாப்பிட்டு, சாக்குத் தூசியில் தும்மியவர். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் அழகுராஜா வீட்டைக் கட்டிக் கொடுத்து, "மண்டிய விட்டுருங்கப்பா" என்றபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "இனிமே என் வாசப்படிய ஒரு சாக்கு தாண்டக் கூடாது."

மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்க மஸ்கட் போன மனைவி சண்முகவள்ளி இன்னும் திரும்பவில்லை. பிறந்த பிள்ளை இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான். ஆக, வீட்டில் மிஞ்சியது மொக்கைச்சாமி, தரை, மேனேஜர்.

மேனேஜர் ஒரு நாய். மண்டியில் எல்லாரும் மூட்டை சுமக்க, தான் மட்டும் மூட்டை மேல் படுத்து மேற்பார்வை பார்த்ததால் கிடைத்த பதவி. மண்டி கைமாறிய பிறகும் பதவி போகவில்லை. "மேனேஜரு, இன்னிக்கு ரசம் மட்டுந்தான். தொட்டுக்க வெஞ்சனம் எங்கேன்னு கேக்கக் கூடாது" என்று அவர் சொல்வார். பல நாட்களில் அந்த வீட்டில் பேசப்படும் பேச்சே அவ்வளவுதான்.

எப்போதாவது பேகம்பூரிலிருந்து கிதர் முகம்மது வருவார். கயிற்றுக்கடைக்காரர். பழைய சிநேகிதர். தன் வீட்டிலும் டைல்ஸ் போட்டு, மறு மாதமே முழங்காலுக்குப் பயந்து அதன் மேல் சாக்கை விரித்தவர். மொக்கைச்சாமிக்கு அது போதாதா?

"பட்டு வேட்டி எடுத்து, அதுக்கு மேல கோமணம் கட்டுன ஒரே ஆளு நீதான் பாய்."

"விழுந்தா தூக்குறதுக்கு என் வீட்ல ஆளு இருக்கு மாப்ள. அப்பவும் விரிச்சிருக்கேன். ஒன்னைய யாரு தூக்குவா?"

"வெங்காய மூட்டையோட ஏணி ஏறுன காலுய்யா இது!"

"அந்தக் காலு போயி ரொம்ப நாளாச்சு. இது வேற காலு."

குளிர் தொடங்கியதும் மேனேஜர் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டது. வாசலில் கிடந்த ரப்பர் மிதியடி வரைக்கும் வரும், நிற்கும், அங்கேயே படுத்துவிடும். எலும்பு வாங்கித் தராத கோபம் என்று மொக்கைச்சாமி முடிவு கட்டினார். வாங்கி வந்து கூடத்து நடுவில் வைத்தார். எலும்பைப் பார்த்து எச்சில் ஒழுகியதே தவிர, நாய் அசையவில்லை.

"இம்புட்டு ரோஷமா ஒனக்கு? எனக்கும் இருக்கு ரோஷம்." அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்ச நாள் இரண்டு பேரும் இப்படியே குடித்தனம் நடத்தினார்கள்.

பிறகு ஒரு காலையில் மேனேஜரின் பின்னங்கால்கள் எழுந்திருக்க மறுத்தன. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா இடுப்பை அழுத்திப் பார்த்தார்.

"மூட்டு தேஞ்சிருக்குங்கய்யா. மாத்திரை தாரேன். குளிர்ல போடாதீங்க. படுத்தே கெடக்க விடாதீங்க, தெனமும் கொஞ்சமாச்சும் நடக்கணும். ஒரேடியாப் படுத்துருச்சுன்னா அப்புறம் எந்திரிக்கறது கஷ்டம்."

அந்தக் கடைசி வாக்கியம் அவரோடு ஆட்டோவில் ஏறி வீடுவரை வந்தது.

இட்லிக்குள் மாத்திரை வைத்தார். மேனேஜர் இட்லியைத் தின்று மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தது. கருவாட்டுக்குள் வைத்தார், செல்லுபடியானது. கழுத்தை வளைக்க வேண்டாமென்று கவிழ்த்துப் போட்ட வாளி மேல் சோற்றுத் தட்டை வைத்தார். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி தெருமுனை வரை நடத்திப் போனார். தெரு சிரித்தது. சிரிக்கட்டும்.

ஆனால் குளிருக்கு வீட்டுக்குள் படுக்க வைக்க வேண்டுமே! தூக்கி வந்து கூடத்து நடுவில் நிறுத்தினார். நான்கு கால்களும் நான்கு திசையில் போயின. தாடை தரையில் மோதியது.

"எந்திரி மேனேஜரு."

அது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'பழக்கம் விட்டுப்போச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி தூக்கிப்போய் மிதியடியிலேயே விட்டார். தரையைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரசச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்தவர் வழுக்கி விழுந்தார். சட்டி எலுமிச்சம்பழம் போன வழியிலேயே உருண்டது. இடுப்பில் இடி இறங்கிய மாதிரி வலி. போன் டி.வி. பக்கத்தில் இருந்தது. யாரைக் கூப்பிடுவது? பெண்டாட்டி பேரும் மகன் பேரும் மஸ்கட் வரை எட்டாது. வாயில் வந்தது ஒரே பெயர்.

"மேனேஜரு!"

துண்டுத் துணை இல்லாமலே மேனேஜர் எழுந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தது. வழுக்கியது, எடுத்துக்கொண்டது. இன்னொரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு துணிந்து இறங்கி, பொத்தென்று விழுந்தது. விழுந்ததோடு நிற்கவில்லை. நகங்கள் கிறீச்சிட, வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

கன்னத்தைத் தரையில் வைத்தபடி மொக்கைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து அவர் தரையைப் பார்த்ததே இல்லை. தரை தரையாக இல்லை, குளத்துத் தண்ணீராகக் கிடந்தது. அடியில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலை எங்கே வைப்பது?

"கோவம் இல்லையா ஒனக்கு? பயந்தானா?"

கருவாட்டு வாசத்தோடு ஒரு மூச்சு காதருகே வந்து நின்றது. இரண்டு பேரும் செத்த நேரம் அப்படியே கிடந்தார்கள். பிறகு அவர் சோபாக் காலைப் பிடித்து எழுந்தார். மேனேஜரால் முடியவில்லை. துண்டில் உருட்டிப் போட்டு, நொண்டி நொண்டி மிதியடிவரை இழுத்துப் போனார்.

மறுநாள் பழைய மண்டிக்குப் போனார். மண்டியை வாங்கியிருந்த பழனிக்குமார் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணே. சாக்கா? ஒங்களுக்கா? எதுக்கு?"

"சும்மாதான்."

கோணி ஊசியும் சணலும் கைக்கு மறந்திருக்கவில்லை. ஓரம் மடங்கிக் காலைத் தட்டாதபடி சாக்கோடு சாக்காகத் தைத்து, வாசலிலிருந்து கூடம் வழியாக அடுப்படிவரை விரித்தார். வெங்காய வாசம் வீட்டை நிறைத்தது. மேனேஜர் மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது. கால் வைத்த இடத்திலேயே நின்றது. இடுப்பை ஆட்டி ஆட்டி, வேலைக்கு ஆள் சரியாக வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது போல அடுப்படிவரை போய்த் திரும்பி, கூடத்து நடுவில் பெருமூச்சோடு படுத்தது.

போன் அடித்தது. வீடியோவில் அழகுராஜா.

"ப்பா, தரையக் கொஞ்சம் காட்டுங்க. ஃப்ரெண்டு வீட்டுக்கு டைல்ஸ் பாக்குறான்."

மொக்கைச்சாமி போனை மேலே திருப்பினார். "ஃபேனப் பாரு. இப்பத்தான் தொடச்சேன்."

பின்னாலிருந்து சண்முகவள்ளி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தரை எங்கே?"

"கீழதான் இருக்கு வள்ளி. எங்க போகப் போகுது?"

"யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குதே?"

"மேனேஜரு. உள்ள வந்துருக்கான்."

பேரன் அழுதான். போன் நின்றது.

நாலைந்து சாக்கு மிச்சம் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கிதர் முகம்மது எங்கும் தென்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, மடித்த சாக்குகளைப் பிரித்து, தன் கட்டிலடியிலிருந்து குளியலறைவரை விரித்தார். ஒவ்வொரு காலாக ஊன்றி, அதன் மேல் ஒருமுறை நடந்து பார்த்தார்.

மேனேஜர் தலையைத் தூக்கி மேற்பார்வை பார்த்தது.