கடைசியாக வண்டியை நிறுத்தியவர்

அந்தத் தெருவில் பாதி ஏறுவதற்குள்ளேயே யாருக்கும் மூச்சு வாங்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீடு சரியாக அந்தப் பாதியில் இருந்தது.

அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தாறு வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை உரிமம் வாங்கியவள். அதனாலோ என்னவோ, அந்தச் சரிவில் அவள் வண்டி நிறுத்துவதே ஒரு வைபவம் மாதிரி இருக்கும். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுப்பாள். இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர். இறக்கத்தில் முன்சக்கரங்களை நடைபாதைப் பக்கம் திருப்பி, கல்லில் முட்டவிட்டுத்தான் இறங்குவாள்.

"என்ன, விமானத்தை இறக்கியாச்சா?" என்பார் அவர்.

"நீங்க சிரிங்க. பிரேக் விட்டுப்போனா அந்தக் கல்லுதான் பிடிச்சு நிறுத்தும்."

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் பள்ளியிலிருந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு, தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டாள். அவர் டிவியில் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோயிற்று. இடைவேளையில் காரை எடுத்துக்கொண்டு போய் பேட்டரி வாங்கி வந்தார். மறுபாதி தொடங்கியிருக்குமே என்ற அவசரத்தில் ஹேண்ட்பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு உள்ளே ஓடினார். கியர் போடவில்லை. சக்கரத்தைத் திருப்பவுமில்லை.

அரை மணி நேரம் கழித்து இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

கார் நான்கு வீடு தள்ளி, கீழே இருந்த தையல்காரம்மாவின் கேட்டில் மோதி நின்றிருந்தது. கேட்டுத் தூண் சரிந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்தம்மாவின் வலது காலில் விழுந்திருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தூணைத் தூக்கினார்கள். ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நியூட்ரல்ல விட்டிருக்காங்க" என்றார்.

தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "நான்தானே நிறுத்தினேன். கியர் போட்டேனே..." என்றாள். பிறகு குரல் இறங்கியது. "போட்டேனா?"

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் அத்தனை முகங்கள். கூட்டம் கலையட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகவே நேரமில்லை. ஆஸ்பத்திரியில் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி அழுதாள். "என் தப்புதாங்க, என் தப்புதான்." அவர் பக்கத்திலேயே நின்றார். அன்று சொல்லாததை மறுநாள் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. மூன்றாம் நாள் அதைவிட.

சாவியை அவள் அவர் மேசையில் வைத்துவிட்டாள். பள்ளிக்குப் பேருந்தில் போனாள். திரும்பியதும் நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போய் அடுப்பு வேலை பார்த்துக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். பிரேக், கியர், ஸ்டீயரிங், சாவி, கதவு. அன்று செய்ததை வரிசையாக எழுதி, எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"எழுதாத," என்றார் அவர். "நீ எதையும் மறக்கல. நீ தூங்கினப்ப நான் வண்டிய எடுத்தேன். பேட்டரி வாங்கப் போனேன். நான்தான் அப்படியே விட்டுட்டு வந்தேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு பயந்துட்டு இருந்தேங்க, பதினோரு நாளா. டாக்டரப் பார்க்கலாமான்னுகூட நெனச்சேன்."

"தைரியம் வரல..."

"என்கிட்ட சொல்றதுக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். "போங்க. அவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க."

போனார். தையல்காரம்மா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"கால விடுங்க, எலும்பு ஒட்டிக்கும். ஆஸ்பத்திரில டீச்சர் அந்த அழுகை அழுதாங்களே, பக்கத்துல கல்லு மாதிரி நின்னீங்களே சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு மேடேறி வந்தார்.

கால் ஒட்டிக்கொண்டது. இரண்டரை மாதத்தில் அந்தம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். மனைவி மட்டும் திரும்ப ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அவர் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தார். "எனக்கு பஸ்ஸே போதுங்க, விடுங்க" என்பாள். கோபமாகச் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

இப்போதெல்லாம் படுக்கப்போகும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வருகிறது.

"கேஸ அணைச்சேனா?"

"அணைச்சிட்ட. நான் பார்த்தேன்" என்பார் அவர்.

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள்.