ஜெபத்தில் வந்த வாக்கியம்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் படித்தவர்கள் மூன்றே பேர்; மூன்றும் அவள் பெற்றவை. மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, நடுவிலவனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். காலைத் தட்டுகளை எடுத்துத் துடைத்ததும் அதே மேசையில் உலக உருண்டை வந்து உட்கார்ந்துவிடும். பின்னக் கணக்கை ரொட்டியை வெட்டிக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். விடை வருவதற்குள் கடைக்குட்டி கால் பங்கைத் தின்றிருப்பாள்.

மூத்தவள் இரண்டாம் வகுப்பில் தினமும் அழுதுகொண்டே வீடு திரும்பிய வருடம்தான் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தார்கள். மாமியார் பேச்சை நிறுத்தினார். நாத்தனார், "அண்ணிக்குப் பொழுது போகல போலிருக்கு" என்றாள். அப்போது அவள் பக்கம் நின்றவர் சபைப் போதகரின் மனைவி பாஸ்டரம்மா ஒருவர்தான். "ஆண்டவர் உன் மனசுல போட்டதை நீ செய். பேசுறவங்க பேசிட்டு ஓஞ்சிடுவாங்க" என்று சபை நடுவில் வைத்தே சொன்னார். கடைக்குட்டி பிறந்தபோது மருத்துவமனையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவரும் அவரே. டீச்சரம்மா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சபையின் மாதப் பத்திரிகையில் அவளுக்கு ஒரு பக்கம் உண்டு. பிள்ளை வளர்ப்பு, வீட்டுப் பாடம், குடும்ப ஜெபம் என்று எழுதுவாள். அது எல்லோரும் வாசிக்கிற எழுத்து. அதற்கு அப்பால் அவள் கதைகளும் எழுதினாள். பிள்ளைகள் சொல்வதெழுதுதலை ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து, பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். அடுப்பில் பால் பொங்கினால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுவாள். திரும்பி வந்து பார்த்தால் மீதி வாக்கியம் சில நாள் காத்திருக்கும், சில நாள் கோபித்துக்கொண்டு போயிருக்கும்.

கதைகளைக் கேட்டது அவள் கணவர் மட்டும்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு மூன்று மாடி நடந்தே ஏறி வருவார். அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. கை கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து டீ குடிப்பார். அவள் வாசிப்பாள். அவர் தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தவர் இல்லை. ஆனால் கேட்பதில் கெட்டிக்காரர். சரியான இடத்தில் ஒரு 'ம்' வரும். அந்த 'ம்' வராத பக்கத்தை அவள் மறுபடி எழுதிவிடுவாள்.

கடைசியாக வாசித்த கதை ஒரு தாயைப் பற்றியது. அந்தத் தாய் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடியதும் மனதுக்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். வருகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். அம்மா என்று யாரும் கூப்பிடாத ஒரு இருக்கை. ஆமென் சொல்லும்போது வீட்டுக்குள் வந்துவிடுவாள். 'தினமும் ஒரு நிறுத்தம் கூடுதலாகப் போனாள். ஆமென் சொல்வதற்குள் திரும்பி வர அவளுக்கு நேரம் போதவில்லை' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். அந்த வரி வந்த விதம் அவளுக்கே பிடித்திருந்தது.

அவர் 'ம்' சொல்லவில்லை. "நல்லா இருக்கு" என்றார். டீ குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கதை மனதைத் தொட்டுவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் சபையின் பின்கூடத்தில் பெண்கள் கூட்டம் நடந்தது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். அவளுக்குப் பக்கத்தில் தையல்காரம்மா. பாட்டு முடிந்து, பிறருக்காக ஜெபிக்கும் நேரம் வந்தது. வேலையில்லாதவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று பாஸ்டரம்மா வரிசையாக ஜெபித்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆண்டவரே, எங்க நடுவுல ஒரு மகள் இருக்கா. கண்ணை மூடினா உம்ம சமுகத்துக்கு வராம, மனசுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போறா, அப்பா. தினமும் ஒரு ஸ்டாப் கூடுதலா போறா. ஆமென் சொல்றதுக்குள்ள திரும்பி வர முடியாத தூரத்துக்கு அவ போறதுக்கு முன்னாடி, அவளைப் பிடிச்சு நிறுத்தும் ஆண்டவரே."

முதலில் அவளுக்கு வந்தது பெருமிதம். இன்னொருவர் வாயில் கேட்டபோதும் அந்த வாக்கியம் நன்றாக இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். பிறகுதான், அது இங்கே எப்படி வந்தது என்று உறைத்தது. கண்ணைத் திறந்தாள். எதிரே இரண்டு மூன்று பேர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்து தையல்காரம்மாவின் கை வந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தது. பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் அவள் வாயும் சொல்லிற்று.

வெளியே வரும்போது பாஸ்டரம்மா கட்டிப்பிடித்துக்கொண்டார். "தைரியமா இரும்மா. நாங்கள்லாம் உனக்காக நிக்கிறோம்."

அந்தக் கதையைக் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பால்கனியில் நடுவிலவனின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு அவள் கதவோரம் நின்றாள்.

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் நிமிரவில்லை. செயின் சரியாக உட்கார்ந்த பிறகும் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"சபையில ஃபேன் ஓடலன்னு கூப்பிட்டாங்க. போனப்ப, வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. மனசு கனமா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

"கதைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ எழுதினதுன்னுதான் சொன்னேன். ஆனா..." அவர் துணியில் கையைத் துடைத்தார். "எனக்குப் பயமாயிடுச்சும்மா. அந்தப் பொம்பளைய நீ அவ்வளவு தத்ரூபமா எழுதிருந்த. பொய்யின்னே தோணல. தினம் ராத்திரி ஜெபத்துல உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், எந்த ஸ்டாப்புல இருக்கியோன்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

உண்மையில் அவளும் ஜெபத்தில் மனதுக்குள் ஒரு நிறுத்தம்வரை போனதுண்டு. அதற்கு மேல் கற்பனை. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள். அதை இந்த மனிதரிடம் இனி எப்படிச் சொல்வது?

"ஒரு வார்த்தை மாறாம சொல்லிருக்கீங்க" என்றாள்.

"அந்த இடம் நல்லா இருந்துச்சு. மனசுல நின்னுடுச்சு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. இத்தனை வருடம் ஆள் பார்த்துத்தான் கதை சொல்லியிருக்கிறாள், அந்த ஆளும் நன்றாகத்தான் கேட்டிருக்கிறார். அதுவே வினையாயிற்று.

திங்கட்கிழமை, பாட நேரத்தில் பாஸ்டரம்மா வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். மேசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினார். "அம்மா நடத்துறதெல்லாம் புரியுதா? நடுவுல எழுதப் போயிடுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

மூத்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நாங்க எழுதுறப்ப அம்மாவும் எழுதுவாங்க, ஆன்ட்டி. நாங்க வாசிக்கிறப்ப அம்மாவும் வாசிப்பாங்க. ஆன்ட்டி, நீங்க என்ன, இன்ஸ்பெக்‌ஷனா?"

"வாயைப் பாரு" என்று பாஸ்டரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு டீச்சரம்மாவைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பத்திரிகைப் பக்கத்தை ஒரு ஆறு மாசம் வேற சிஸ்டர் எழுதட்டும். குடும்ப ஜெபத்தைப் பத்தி நீ எழுத, ஜனங்க இப்ப வேற மாதிரி வாசிப்பாங்க. அந்தக் கதையையும் வெளியில எங்கயும் அனுப்பிடாத. அது நீதான்னு எல்லாரும் நினைச்சுடுவாங்க."

"நினைக்க வெச்சது யாருக்கா?"

"நான் உன் பேரையே சொல்லலையேம்மா. ஜெபம்தானே பண்ணேன்."

"என்கிட்ட நேரா வந்து திட்டியிருந்தா, நான் திருப்பிப் பேசியிருப்பேன். ஜெபத்துக்கு எப்படிக்கா பதில் பேசுறது?"

பாஸ்டரம்மாவின் முகம் மாறிற்று. அவர் கெட்டவர் இல்லை. நல்லது செய்வதாகவே நம்பி வந்தவர். "நீ இப்ப மனசு சரியில்லாம இருக்க. நான் அப்புறமா வரேன்" என்று கிளம்பினார். வாசலில் நின்று வழக்கம்போல் அவள் தலைமேல் கை வைக்கப் போனார். அவள் அறியாமலே ஒரு அடி பின்னால் வைத்துவிட்டாள். அக்காவின் கை அந்தரத்தில் நின்றது; பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

அந்த வார நடுவில் முட்டை வாங்கக் கடைக்குக் கிளம்பியவள் தன் செருப்பைத் தேடினாள். வாசலில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. நடுவிலவனை மிரட்டிப் பார்த்தாள். அவன் சத்தியமாகத் தெரியாது என்றான். கடைசியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள், அழுக்குத் துணிகளுக்கு அடியில் இருந்தது. கடைக்குட்டி இயந்திரத்தின் முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்காத. நீ பஸ்ல போயிடுவே."

"யாரு சொன்னா?"

"சண்டே கிளாஸ்ல ஒரு பெரிய அக்கா சொன்னா. உங்கம்மா உங்களை விட்டுட்டுப் போகப் போறாங்கன்னு. திரும்பி வர நேரமே இருக்காதாம்."

டீச்சரம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சபையில் பட்ட அவமானம், பத்திரிகைப் பக்கம் போனது, எல்லாவற்றையும் ஒருமாதிரி விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை. மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அம்மா முட்டைக் கடைக்குப் போறேன். நீயும் வா. நீயே என் செருப்பைத் தூக்கிட்டு வா, நான் வெறுங்காலோட வரேன், சரியா?" குழந்தை கொஞ்சம் யோசித்து, ஒற்றைச் செருப்பை மட்டும் கொடுத்தது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டது. அவள் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகக் கடைக்குப் போய் வந்தாள். முட்டைக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். கோபமாக எதுவும் சொல்லவில்லை; வரிசையாக, நடந்தபடியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் 'ம்' வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பாஸ்டரம்மா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "நான் சொன்னது தப்பு, அதை நீங்க சபையில சொன்னது அதைவிடத் தப்புன்னு சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை. பாஸ்டரம்மா அழுதாராம். ஆனால் அடுத்த கூட்டத்தில் யாரும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. ஒருமுறை ஜெபித்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை போலும்.

அவள் சபையை விடவில்லை. ஞாயிறு தவறாமல் பிள்ளைகளோடு போனாள். பெண்கள் கூட்டத்துக்கு மட்டும் போகவில்லை. காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் தனியாக ஜெபிப்பதும் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகப் பேசினாள், சில நாள் சண்டையும் போட்டாள். அவள் மனதில் ஓடியது அத்தனையும் ஆண்டவருக்கு முதலிலிருந்தே தெரியும். அவர் ஒருவர்தான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இதை நினைத்து ஒரு நாள் காலையில் வாய்விட்டுச் சிரித்தாள்.

கதையை எடுத்து முடித்தாள். சுத்தமாகப் படியெடுக்கும்போது, ஜெபத்தில் வந்த அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டாள். எப்படி வாசித்தாலும் அவை பாஸ்டரம்மாவின் குரலிலேயே கேட்டன. கதைக்கு அங்கே ஒரு பள்ளம் விழுந்ததுபோல்தான் இருந்தது. வேறு எழுதிப் பார்த்தாள், ஒட்டவில்லை. பள்ளத்தோடேயே ஒரு வார இதழுக்கு அனுப்பினாள். மழைக்காலம் முடியும்போது அச்சில் வந்தது, அவள் சொந்தப் பெயரிலேயே. மூத்தவள் முதலில் படித்தாள். "இந்த அம்மா உன்னை மாதிரி இல்ல. இவ ரொம்பப் பொறுமைசாலி" என்றாள். கணவர் ஐந்து பிரதி வாங்கி வேலையிடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சபையில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பேச்சு பழையபடி ஆயிற்று. மாமியாரின் முட்டிவலி, நடுவிலவனின் வாய்ப்பாடு, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எத்தனை பேரோடு நின்றது, எல்லாம் பேசினார்கள். அவரை மன்னித்தாயிற்று என்று அவள் ஆண்டவரிடம் சொல்லியிருந்தாள். அது பொய் இல்லை.

ஒரு சாயங்காலம் அவரே இரண்டு டீ போட்டு எடுத்து வந்தார். ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"புதுசா ஏதாவது எழுதினியா?"

விடைத்தாள் கட்டுக்கு அடியில் ஒரு புதுக்கதை இருந்தது, முக்கால்வாசி முடிந்திருந்தது. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட இருவரைப் பற்றியது. எங்கே 'ம்' வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

"இல்லைங்க. நேரமே கிடைக்கல."

அவர் கண் விடைத்தாள் கட்டின் மேல் போய் வந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "சரி, டீ ஆறிடும், குடி" என்று சொல்லிவிட்டு, நடுவிலவனுக்கு வாய்ப்பாடு கேட்க உள்ளே போனார்.

மறுநாள் காலை ஜெபத்தில் அவள் அந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.