காது கேளாதவர், வாசற்படியில்

2007 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. இடம்: மாத்தளைக் கடைவீதியில், தொலைபேசியும் ஈமெயிலும் உள்ள ஹமீமாவின் கொமியுனிகேஷன் கடை. இருந்தவர்கள்: கம்ப்யூட்டருக்கு முன்னால், சுழல் கதிரையில், கடைக்காரி ஹமீமா. அவருக்கு இடப்புறம், என் மேசையில், கடிதம் எழுதிக்கொடுக்கும் நான். எனக்கு எதிரே, பிளாஸ்டிக் கதிரையில், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த புஷ்பவதி. சுவரோரம் பெஞ்சில், பேப்பருக்குப் பின்னால், ஓய்வுபெற்ற கங்காணி செல்லச்சாமி (காது கேளாது).

இப்படிக் குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளின் கடிதங்கள் எல்லாம் இந்தக் கடையின் ஒரே ஈமெயில் முகவரிக்குத்தான் வரும். ஹமீமா திறப்பார், நான் வாசித்துச் சொல்வேன். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கலியாணம் நின்றுபோனதாக நான் இங்கே வாசித்த செய்தி, பெண் வீட்டார் பஸ் பிடித்துத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் அங்கே சேர்ந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டு என் மேசையில் குத்தினார்கள். அன்று முதல் கொப்பியில் தேதி, இருந்தவர்கள், உட்கார்ந்த இடம். கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. அது பிறர் விஷயம். காது கேட்பவர்கள் இருந்தால் தாழ்ந்த குரலில் வாசிப்பேன். செல்லச்சாமி மட்டும் இருந்தால் தாராளமாக வாசிப்பேன்.

புஷ்பவதி ஓர் உறையை நீட்டினார். கொழும்பு வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. அவருடைய மகள் சந்திரகாந்தா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போனவள். ஐந்து மாதமாகப் பேச்சு மூச்சில்லை. முதலில் வேலை செய்த வீட்டில் கேட்டால், அவள் அங்கே இல்லையாம். இப்போது எந்த வீட்டில் இருக்கிறாள் என்று விலாசம் தந்தால், தூதரகத்துக்கு எழுதித் தேடச் சொல்வதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். அன்று மாலை மூன்று மணிக்குள் பதிவுத் தபாலில் போட்டால்தான் போய்ச் சேரும்.

"வீடு மாத்துன ஒடனே எழுதியிருந்தாளே ஐயா. நீங்கதானே வாசிச்சீங்க," என்றார் புஷ்பவதி.

"பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேனே, எங்கே?" என்றேன்.

அவர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். அவர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகி, மை முழுக்கக் கரைந்திருந்தது. கழுவின சிலேட்டு இதைவிடத் தெளிவாக இருக்கும்.

"அதுக்கு ஏன் யோசிக்கிற? ஈமெயில்ல புதுசா தேடுற பெட்டி ஒண்டு வந்தீக்கிது," என்றார் ஹமீமா. "பேர அடிச்சா செக்கன்ல தந்துரும்."

சந்திரகாந்தா என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. குவைத் என்று அடித்தார். அதற்கும் இல்லை. பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகள் கையால் எழுதிக் கொடுப்பார்கள். அங்குள்ள கடைக்காரர் அதைப் படம்பிடித்து அனுப்புவார். ஐந்து வருடத்துக் கடிதங்களில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். தலைப்பில் மட்டும் எழுத்து உண்டு. அந்தத் தலைப்பும் நான் முதன்முதலில் எழுதி அனுப்பிய ஒரே சொல். அதற்குப் பதில் அனுப்பி, அதற்கும் பதில் அனுப்பி, அத்தனை பேரும் அதிலேயே ஓட்டினார்கள். ஹமீமா 'நலம்' என்று அடித்தார். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கடிதங்கள் வந்தன.

"எல்லாரும் நல்லாத்தான் ஈக்கிறாங்க," என்றார் ஹமீமா.

ஒரு படம் திறக்க மூன்று நிமிடம். நான் கொப்பியை எடுத்தேன். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் வாராவாரம் வருபவர் புஷ்பவதி. நூற்று நாற்பது பக்கத்தில் அவர் பெயர் இருந்தது.

"எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா?"

"மழை பேஞ்சது ஐயா."

"எந்த மாசம்தான் பெய்யல?"

புஷ்பவதி வெறுமையான காகிதத்தை மடியில் வைத்து, எழுத்து திரும்பி வரும் என்பதுபோல விரலால் நீவிக்கொண்டே இருந்தார். ஹமீமா ஒவ்வொன்றாகத் திறந்தார். வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி ஒன்று. பல்வலி என்று ஒன்று. பன்னிரண்டு மணிக்குள் நாற்பது படம் பார்த்தாயிற்று. பெஞ்சில் பேப்பர் மடங்கியது, விரிந்தது, மறுபடி மடங்கியது.

"அது மொளகா சாக்கு வந்த அன்னைக்கு," என்றது பேப்பர்.

மூன்று பேரும் திரும்பினோம்.

"யாரு பேசுனது?" என்றார் புஷ்பவதி.

செல்லச்சாமி காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்ன?" என்றார்.

"கங்காணி, ஒனக்குக் காது கேக்குதா?" என்றார் புஷ்பவதி மறுபடியும்.

அவர் ஹமீமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு புஷ்பவதியின் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். கையை இறக்கினார்.

"எடது காது கொஞ்சம் மந்தம்தான்," என்றார்.

"அஞ்சு வருஷமா?"

"என்னா செய்யிறது புள்ள? எனக்குக் காயிதம் போட ஆளில்ல. காது கேக்குதுன்னா ஐயா நான் இருக்கையில முணுமுணுத்துத்தானே வாசிப்பாரு. யாரு ஊட்டுக் கதையாச்சும் முழுசாக் கேக்கணும்ல."

ஹமீமாவுக்கு முகம் சிவந்தது. அவர் தன் வருங்கால மாமியாரைப் பற்றித் தொலைபேசியில் பேசியதெல்லாம் இந்தப் பெஞ்சுக்கு முன்னால்தான். நானும் ஒருமுறை, ஆளில்லாத மத்தியானத்தில், என் மனைவியின் சமையலைப் பற்றி இவரிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

"நான் ஒன்னைக் கெழட்டுக் கொரங்குன்னேனே," என்றார் புஷ்பவதி.

"மூணு தரம் சொன்ன. ஒருதரம் மகளுக்கே எழுதச் சொன்ன."

"அந்தக் கலியாண விஷயம்..." என்று நான் தொடங்கினேன். அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"தம்புள்ளை யாவாரி நோனா மொளகா சாக்கத் தூக்கிட்டு வந்து பெஞ்சு பூரா வச்சிருச்சு. எனக்கு எடமில்ல. வாசப்படியில உக்காந்தேன். தும்மித் தும்மித்தான் கேட்டேன். மேடத்தோட தங்கச்சி ஊட்டுக்கு மாத்துனாங்க, கீழ ரொட்டிக் கடை, மூணாவது மாடின்னு எழுதியிருந்துச்சு. தேதி மட்டும் தெரியாது."

தேதி என் கொப்பிக்குத் தெரியும். நோனா சிங்களப் பெண்மணி, தமிழ் விளங்காது என்பதால் அன்று உரக்க வாசித்திருப்பேன். ஆனால் குறிக்காமல் விட்டிருக்க மாட்டேன். பக்கங்களைப் புரட்டினேன். 2006 மே 9: புஷ்பவதி, கதிரையில். நோனா, பெஞ்சில். மிளகாய்ச் சாக்கு, பெஞ்சில். செல்லச்சாமி (காது கேளாது), வாசற்படியில். கொப்பி தொடங்கிய நான்கு வருடத்தில் அவர் வாசற்படியில் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

ஹமீமா அந்தத் தேதிக்குப் போனார். அன்று வந்தவை ஏழு. மூன்றாவது படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் நலம், பிறகு சாய்ந்த கையெழுத்து, பிறகு ரொட்டிக் கடை, மூன்றாம் மாடி, தெரு, வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம்.

"இது அவ கையெழுத்துத்தான்," என்றார் வாசிக்கத் தெரியாத புஷ்பவதி, கம்ப்யூட்டர்க் கண்ணாடியில் விரல் வைத்து.

கடிதத்தை நான் முறைப்படி எழுதினேன்: பொருள், கோப்பு இலக்கம், விலாசம் தனிப் பந்தியில், இணைப்பு ஒன்று. ஒருமுறை உரக்க வாசித்தேன். யாருக்காகவும் இனித் தாழ்த்தி வாசிக்கத் தேவையில்லை. செல்லச்சாமி வீட்டு இலக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார், சரியாக இருந்தது. புஷ்பவதி கைநாட்டு வைத்தார்.

கொப்பியில் அன்றைய பக்கத்தை எடுத்து, செல்லச்சாமி பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் இருந்ததைக் கோடு போட்டு வெட்டினேன். பழைய பக்கங்களைத் தொடவில்லை. அவை அந்தந்த நாளில் நாங்கள் நம்பியவை.

"நானே கொண்டுபோய்ப் போடுறேன்," என்று எழுந்தார் அவர்.

"சந்தியில ஆமிக்காரன் நில்லுன்னா நில்லு," என்றார் புஷ்பவதி. "அங்க போயி காது கேக்கலன்னு நடந்துறாத."

உறைக்குப் பசை தடவி ஒட்டினேன். காயும்வரை புஷ்பவதி அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். காய்ந்த பிறகும் விடவில்லை. செல்லச்சாமி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். இரண்டு இருபதுக்குத்தான் விரல் எடுபட்டது. கடிதம் வாசற்படி இறங்கித் தபாற்கந்தோர்ப் பக்கம் போயிற்று.