நாலு நாட்டுக்குப் போன செய்தி

லண்டனில் பதினாறு வயதில் எடுக்கும் ஜிசிஎஸ்ஈ சோதனையில் சுகந்தினியின் பெறுபேறு வந்தது ஒரு வியாழக்கிழமை. எட்டுப் பாடத்தில் ஏ. பொழுதுபடுவதற்குள் அப்பா செல்வரத்தினம் பிரான்ஸ், கனடா, சுவிஸ், நோர்வே என்று நாலு நாட்டுக்கும் போன் எடுத்து, "மூத்தவள் டொக்டருக்குப் படிக்கப்போறாள்" என்று அறிவித்துவிட்டார். மகளிடம் மட்டும் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டுவிட்டா நம் ஆட்கள் சொந்தக்காரருக்குச் சொல்வார்கள்?

"அப்பா, எனக்கு ஹிஸ்டரியும் சட்டமும் செய்யத்தான் விருப்பம்," என்று அவள் ஒரேயொரு முறை சொன்னாள்.

"அதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கிறது?" என்றார் இவர். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் இல்ஃபோர்டில், பள்ளிக்கூட மண்டபத்தில், அடுத்த இரண்டு வருட மேல்வகுப்பான சிக்ஸ்த் ஃபோர்முக்குப் பதிவு. பெற்றோல் ஸ்டேசன் ஷிப்டை மாற்றிக்கொண்டு அவரும் கூடப் போனார். படிவத்தில் பயோலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

வரிசையில் முன்னால் நின்றவர் றோஸ்மலர். மன்னாரிலிருந்து வந்து நாலு மாதம். மகன் கஸ்பர் இலங்கையில் எடுத்த ஓ லெவல் சோதனைச் சான்றிதழைப் பார்த்த ஆசிரியர், இது இங்கே செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வரத்தினத்துக்கு விளங்கியது, ஆனால் எடுத்துப் பேச இங்கிலிஷ் வரவில்லை.

சுகந்தினி முன்னே போனாள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவுமில்லை. சான்றிதழை வரிவரியாக இங்கிலிஷில் சொல்லிக் காட்டினாள். செல்லாது என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஆசிரியர் மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டினார், அதில் அப்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் இப்போதே ஒரு கணக்குப் பேப்பர் கொடுத்துப் பாருங்கள் என்றாள். அரை மணித்தியாலத்தில் கஸ்பர் முடித்துக் கொடுத்தான். ஆசிரியர் திருத்திப் பார்த்து அவனைச் சேர்த்துக்கொண்டார். றோஸ்மலர் அவள் கையைப் பிடித்து அழுதார்.

சும்மா சொல்லக்கூடாது, செல்வரத்தினம் திறந்த வாய் மூடாமல் நின்றார். பத்து வயதிலிருந்தே கவுன்சில் அலுவலகத்திலும் சொலிசிட்டர் என்கிற வழக்கறிஞரிடமும், அவர் தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலிஷில் எடுத்துச் சொன்னவள் இவள்தானே. அதை ஒரு கெட்டித்தனமாக அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. வெட்கமாக இருந்தது, பெருமையும் தாங்க முடியவில்லை.

அவர்களுடைய முறை வந்ததும் மூன்று பாடத்தையும் வெட்டிவிட்டுப் பேனையை நீட்டினார். "நீயே எழுது, பிள்ளை."

அவள் எழுதவில்லை. "நாலு நாட்டுக்கும் சொல்லிப்போட்டியளே அப்பா. இனி அவையளுக்கு என்ன சொல்லுவியள்?"

"போன் கார்டில காசு இன்னும் முடியேல்லை," என்றார் செல்வரத்தினம். "நீ சொல்லு. நான் எடுத்துச் சொல்லுறன்."