கையில்லாத புரதத்துக்கு ஒரு பெயர்

டமாஸ்கஸில், மருத்துவக் கல்லூரி நூலகத்தின் மேல்மாடி அறையில், 1979 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கலைச்சொல் குழு கூடியபோது இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில், அகராதிகளுக்குப் பின்னால் உச்சந்தலை மட்டும் தெரிய, வயதான இலக்கணப் பேராசிரியர் உஸ்தாத் ஷகீப். அவருக்கு வலப்பக்கம், வெயில் படாத நாற்காலியில், உடற்கூறியல் பேராசிரியர் டாக்டர் ஃபர்ஹான். இடப்பக்கம், வெயில் முழுக்க விழும் நாற்காலியில், டாக்டர் வஜீஹா. கதவோரம், பக்க எண் அச்சிட்ட குறிப்பேட்டுடன் செயலாளர் முன்திர்.

வஜீஹாவுக்கு வெயில் உறைக்கவில்லை. கடிகாரம்தான் உறைத்தது. பாடநூலின் ஏழாம் அத்தியாயம், தசைகளைப் பற்றியது, அவள் ஐந்து வருடம் எழுதியது. நான்கு புரதங்களின் அரபிப் பெயர்களும் நான்கு கையெழுத்துகளும் உள்ள கடிதம் பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்கு வராவிட்டால் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதை அச்சேற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டதற்கு அச்சகத்துக்காரர் வானத்தைக் காட்டினார்.

மூன்று பெயர்கள் முந்தைய செவ்வாய்களில் முடிந்திருந்தன. கால்சியம் வந்து தொட்டதும் தசை இழைகளுக்கு இடையில் உள்ள தாழ்ப்பாளை விலக்கித் தசையைச் சுருங்க வைப்பது ‘தாழ்நீக்கி’. வேலை முடிந்த கால்சியத்தைச் சட்டென்று பொறுக்கித் தசையைத் தளர வைப்பது ‘சிறுவெண்புரதம்’. பல இடங்களுக்கும் போய்த் தகவல் சொல்வது ‘மட்டுப்படுத்தி’. இழுபறி நான்காவதில்தான். தசையின் உள்ளறையில் கால்சியத்தைச் சேர்த்து வைத்திருப்பது அது. மேல்நாட்டார் வைத்த ‘கால்சிக்வெஸ்ட்ரின்’ என்ற பெயரைச் சொன்னாலே உஸ்தாத் ஷகீபுக்குப் பல் கூசும்.

வஜீஹா தானாகவே ‘சிறைக்காவலன்’ என்று போட்டுத்தான் அனுப்பியிருந்தாள். “வேலை முடிந்ததும் எல்லோரையும் உள்ளே அடைத்துவிடுகிறான், மேலிடத்து உத்தரவு வந்தால்தான் வெளியே விடுகிறான்” என்ற வாக்கியத்தைப் படித்த மெய்ப்புத் திருத்துபவர், ஓரத்தில் பென்சிலால், “எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

‘களஞ்சியக்காரன்’ பொருத்தமான சொல். ஆனால் அதை ஈரலில் இரும்பைச் சேமிக்கும் புரதத்துக்கு என்று டாக்டர் ஃபர்ஹான் நான்காம் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொண்டுவிட்டார். விட்டுக்கொடுக்க முடியுமா என்று வஜீஹா பணிவாகத்தான் கேட்டாள்.

“என் இரும்பைத் தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா டாக்டரம்மா?” என்றார் அவர். “நீங்க வேற வீடு பாருங்க.”

பத்தரை மணிக்கு உஸ்தாத் ஷகீப் கண்ணாடியைக் கழற்றினார். மற்ற மூன்றுக்கும் கை உண்டு என்று அவளே எழுதியிருக்கிறாளே என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டியது போல ஒரு மடிப்பு, நடுவில் உள்ள வளைவில் கால்சியம் வந்து உட்காரும், படம்கூடப் போட்டிருக்கிறாள். அப்படியானால் நான்காவதற்கு ‘பிடிகை’ என்று வைத்து முடித்துவிடலாம்.

ஃபர்ஹான் உடனே ஒப்புக்கொண்டார். முன்திர் பேனா மூடியைத் திறந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தியாயம் பிழைத்துவிடும். வஜீஹா சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“அதுக்குக் கையே இல்ல உஸ்தாத்.”

கையில்லாமல் எப்படிப் பிடிக்கும் என்று கிழவர் கேட்டார். மேலெல்லாம் எதிர் மின்னூட்டம், அதில் நாற்பது ஐம்பது கால்சியம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் உடனே போய்விடும் என்று அவள் விளக்கினாள். இறுக்கிப் பிடித்தால் நாம் கண் சிமிட்டக்கூட முடியாது என்றாள். முன்திர் பேனாவை மூடினார்.

பதினொன்றேகால் மணிக்குக் கல்லூரிச் சேவகர் அபு ஸலீம் தேநீரும் வறுத்த தர்ப்பூசணி விதையும் கொண்டுவந்தார். ஃபர்ஹான் ஒரு கைப்பிடி விதையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, மேல்நாட்டுப் பெயரையே வைத்தால் குடி முழுகியா போகும் என்று நீளமாகப் பேச ஆரம்பித்தார். பேச்சு நிற்கவில்லை. நடுநடுவே நாக்கு ஒரு விதையை முன்பல்லுக்குத் தள்ளும், ‘டக்’கென்று ஓடு உடையும், தோல் மட்டும் சாஸரில் விழும். மற்ற விதைகள் கன்னத்தில் இருந்த இடத்திலேயே இருந்தன.

வஜீஹா அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் கேட்கவில்லை. அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல,” என்றாள் தனக்குத்தானே. “அதக்கி வச்சிருக்கார்.”

அகராதிகளுக்குப் பின்னாலிருந்து உஸ்தாத் ஷகீப் எழுந்தார். “இன்னொரு தடவ சொல்லு மகளே.”

“அதக்கி.”

கிழவர் தடித்த அகராதியை இழுத்துப் பிரித்தார். மூன்றெழுத்து அரபி வேர், கலப்பில்லாதது, பாலைவனத்துக்காரர் வாயில் இன்னும் இருப்பது. எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இருந்தது: ஒட்டகம் இரையைக் கன்னத்தில் அதக்கியது. படித்துவிட்டுப் பேரன் பிறந்தவரைப் போல எல்லோரையும் பார்த்தார்.

ஃபர்ஹானுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் மீதி விதைகளை மொத்தமாகத் துப்பினார். கையெழுத்துப் போட முடியாது என்றார். நாளைக்கு வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சில் இருப்பவன் “அதக்கி வந்துட்டார்” என்பான் என்றார். கடிதத்தில் சொல்லுக்கு ஆதாரமாக ஒட்டகம் மட்டும்தான் இருக்கும் என்று வஜீஹா வாக்குக் கொடுத்தாள்.

“குறிப்பேட்டுல?” என்று அவர் முன்திரைத் திரும்பிப் பார்த்தார்.

“இடது கன்னம்னு எழுதிட்டேன் டாக்டர்.”

“அடிச்சுடு.”

“பக்க எண் போட்ட புஸ்தகம் டாக்டர். அடிச்சா காரணம் எழுதணும். காரணத்துல திரும்பவும் கன்னம் வரும்.”

மணி பதினொன்று நாற்பது. அச்சகத்துக்குச் சைக்கிளில் கால்மணி நேரம். வஜீஹா எழுந்துபோய் முன்திரின் தோளுக்கு மேலாகக் குறிப்பேட்டைப் பார்த்தாள். அடிக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு வரி சேருங்கள் என்றாள். பிறகு நிதானமாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: “மேற்படி புரதத்தின் இயக்கத்தை டாக்டர் ஃபர்ஹான் அவர்கள் குழுவின் முன் செயல்முறையில் விளக்கிக் காட்டினார்கள்.”

ஃபர்ஹான் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். இன்னொரு முறையும்.

“இது குறிப்பேட்டுல மட்டும் இருந்தா யாரு பார்ப்பா டாக்டரம்மா?” என்றார். “கடிதத்துலயும் வரட்டும். ஒட்டகம் எதுக்கு?”

ஒட்டகத்தை எடுக்க உஸ்தாத் ஷகீப் சம்மதிக்கவில்லை. ஒட்டகம் அகராதியில் இருக்கிறது, ஃபர்ஹான் இல்லை. யார் பெயர் முதலில் வருவது என்பதில் நான்கு நிமிடம் போயிற்று. கடைசியில், “இச்சொல்லுக்கு ஆதாரம் முதலாவதாக ஒட்டகம், இரண்டாவதாக டாக்டர் ஃபர்ஹான்” என்று முன்திர் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுத, நான்கு பேரும் வரிசையாக ஒப்பமிட்டார்கள்.

வஜீஹாவே உறையின் விளிம்பை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினாள். முன்திர் முத்திரை குத்தினார். மை காய்வதற்குள் அபு ஸலீம் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.